7 முதல் 11 வயதுக்கான வரலாறு, இயற்கை நூல்கள்: வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

ஏணிப்படி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பிள்ளைகளுக்கான சின்ன வாசிப்பறை ஒன்றுக்கு நூல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு. கதை, பாட்டு, படக்கதை பற்றிக் குழப்பமில்லை. இரண்டு பக்கம் வாசித்தாலே தெரிந்துவிடும். உலக வரலாறு, பல நாட்டு மக்கள் வாழ்க்கை, விலங்குகள், டைனோசர், விண்வெளி என்று வரும் அபுனைவு நூல்களில்தான் திணறல். எல்லாமே கெட்டி அட்டை, வழவழத் தாள், பளிச்சென்ற படம். உள்ளே இருப்பது சரியா, பழசா, யாரோ எதையோ பார்த்து எழுதியதா என்று புரட்டிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நான் எந்தத் துறையிலும் நிபுணர் இல்லை. ஒரு நூலுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. அந்தக் கால் மணியில் எதைத் திறந்து பார்ப்பது? பதிப்பு எவ்வளவு பழசானால் தள்ளுவது? ஒரே ஒரு பிழை கண்ணில் பட்டால் நூலையே ஒதுக்கிவிடுவதா? நூல்பெயர்ப் பட்டியல் வேண்டாம். சோதிக்கிற முறை தெரிந்தால் போதும்.

பழுப்பேடு:

நேரே பதிப்புரிமைப் பக்கத்துக்குப் போங்கள். அங்கே பார்க்க வேண்டியது அச்சிட்ட ஆண்டை அல்ல. மறு அச்சா, திருத்திய பதிப்பா என்பதை. மறு அச்சு என்றால் பழைய பக்கங்களையே மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். 2023 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 2004-ஆக இருக்கலாம்.

திருத்திய பதிப்பு என்று போட்டுவிட்டு அட்டையை மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பிடிக்கச் சில எண்களும் பெயர்களும் கைவசம் இருந்தால் போதும். எவரெஸ்ட் 8,848 மீட்டர் என்றே இருந்தால் பெரும்பாலும் பழைய தகவல். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 என்று அறிவித்தன, புதிய நூல்கள் அதையோ 8,849 என்றோ போடும். ஆப்பிரிக்க வரைபடத்தில் தெற்கு சூடான் தனி நாடாக இல்லையென்றால் 2011-க்கு முந்தையது. சுவாசிலாந்து என்ற பெயர் 2018 வரைதான், அதன்பின் எஸ்வாட்டினி. கஜகஸ்தான் தலைநகர் நூர்-சுல்தான் என்றிருந்தால் அந்தப் பக்கம் 2019-க்கும் 2022-க்கும் நடுவில் தயாரானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதற்கு முன்னும் பின்னும் அது அஸ்தானா. புளூட்டோ ஒன்பதாவது கோளாக நின்றால் 2006-க்கு முந்தையது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் பட்டியலிடும் ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் பாண்டாவை ஒரு படி ஆபத்துக் குறைந்த வகைக்கு மாற்றியது 2016-இல்; பழைய வகையிலேயே இருந்தால் அதற்கு முந்தைய தகவல்.

சனிக்கோளின் துணைக்கோள் எண்ணிக்கை இன்னும் வேகமாகப் பழசாகிற சரக்கு. 2019-இல் 82, 2025 மார்ச்சில் 274. இந்த மாதிரி எண்ணுக்குப் பக்கத்திலேயே "இந்த ஆண்டு நிலவரப்படி" என்று போடுகிற நூலை நம்பலாம். போடாத நூலில் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஆனால் பழசு என்பதற்காகவே தள்ளாதீர்கள். எரிமலை எப்படி வெடிக்கிறது, கோட்டைச் சுவரை எப்படிக் கட்டினார்கள், தவளையின் வளர்ச்சி, இதயம் வேலை செய்யும் விதம் ஆகியவற்றில் இருபது வருட நூல்கூடத் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்காதவை அரசியல் வரைபடம், விண்வெளி, அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்கள், ஆதி மனிதன், டைனோசர். இறகுத் தடத்தோடு சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரை அறிவித்ததே 1996-இல்தான். நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கும் டி. ரெக்ஸ் படம் இருந்தால் அதை யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதுகு கிடையாகவும் வால் தரையிலிருந்து தூக்கியும் இருக்க வேண்டும்.

அடுத்து, பின்பக்கம் பொருளடைவு. இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், மூன்று சொல்லை எடுத்து அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். திருத்தும்போது நடுவில் பக்கம் சேர்ப்பார்கள், பொருளடைவை மாற்ற மாட்டார்கள். எல்லா எண்ணும் இரண்டோ நான்கோ தள்ளி நிற்கும். அந்த நூலை முழுசாக ஒருவரும் சரிபார்க்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆலோசகர் யார் என்றும் பாருங்கள். பெயரோடு துறையும் இருக்க வேண்டும். ரோமாபுரிக்கும் திமிங்கிலத்துக்கும் ஒரே ஆலோசகர் என்றால் ஆலோசகர் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

"500 வியப்பூட்டும் உண்மைகள்" வகை நூலுக்கு வேறு சோதனை. ஐந்து துணுக்கைக் கண்டபடி எடுங்கள். எத்தனைக்கு "ஏன்" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது? ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு என்று எல்லா நூலும் இப்போது சொல்கிறது. கொழுப்பு உடம்பெங்கும் போர்வையாகப் பரவாமல் முதுகில் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் மற்ற இடங்களில் வெப்பம் எளிதாக வெளியேறுகிறது என்று ஒரு வரி சேர்க்கிறதா? ஐந்தில் இரண்டுக்காவது காரணம் இல்லையென்றால் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் அதை ஒருமுறை புரட்டுவார்கள், அவ்வளவுதான்.

நத்தைக்கூடு:

பழுப்பேடு சொன்னதெல்லாம் பெரும்பாலும் எழுத்துக்கு. இந்த வகை நூலில் பிழை குடியிருப்பது படத்தில். காரணம் தயாரிப்பு முறை. எழுத்தைத் துறை தெரிந்தவர் ஒருவர் வாசிப்பார். படம் விலைக்கு வாங்கியதாகவோ, ஓவியர் பழைய படங்களைப் பார்த்து வரைந்ததாகவோ இருக்கும். படத்தின் கீழ் இருக்கும் விளக்கவரி கடைசி நாளில், இருக்கிற இடத்துக்கு ஏற்ப எழுதப்படும். ஆகவே கால் மணியில் பத்து நிமிடம் படத்துக்கே கொடுங்கள். கையில் ஒரு ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிப் பக்கத்தைத் திறங்கள். ஆறு கால் இருக்கிறதா என்று எண்ணுவது எல்லோரும் செய்வது. கால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பூச்சிக்கு ஆறு காலும் இறக்கைகளும் நடு உடம்பான மார்பில் மட்டும்தான் இருக்கும். வயிற்றுப் பகுதியிலிருந்து ஒரு ஜோடிக் கால் முளைத்திருந்தால் ஓவியர் எறும்பை நேரில் பார்க்கவே இல்லை. சிலந்திக்கும் அப்படியே: எட்டுக் காலும் முன் பகுதியில், பின்னால் உருண்டையாக இருக்கும் வயிற்றில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த ஒரு பிழை எத்தனை அழகான நூல்களில் இருக்கிறதென்று பார்த்தால் தலை சுற்றும்.

உணவுச் சங்கிலியில் அம்புக்குறி. புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு, அதாவது உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கி. அம்பு காட்டுவது ஆற்றல் போகும் திசையை. "தவளை வெட்டுக்கிளியைத் தின்கிறது" என்று வாக்கியமாக யோசித்து வரைகிறவர்கள் அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். பள்ளித் தேர்வில் பிள்ளைக்கு மதிப்பெண் போவதற்கு இதுவே போதும்.

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியில் மூன்றாவது படத்தைப் பாருங்கள். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு பட்டு உறை இல்லாமல், கெட்டியான தோலோடு தொங்கும். நூல் சுற்றிய உறை அந்துப்பூச்சிகளின் வழக்கம். படம் ஒன்றினுடையதாகவும் எழுத்து இன்னொன்றினுடையதாகவும் இருப்பது சர்வ சாதாரணம்.

டைனோசர் பக்கத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதே சோதனை. ஸ்டெகோசாரஸுக்கும் டி. ரெக்ஸுக்கும் நடுவே ஏறக்குறைய 8 கோடி ஆண்டுகள். டி. ரெக்ஸுக்கும் நமக்கும் நடுவே 6.6 கோடிதான். இரண்டும் சண்டை போட்டால் அது கார்ட்டூன். முதுகில் பாய் விரித்த டைமெட்ரோடான் டைனோசரே அல்ல, முதல் டைனோசருக்குச் சுமார் 4 கோடி ஆண்டு மூத்தது. பறக்கும் டெரோசார்களும், கடலில் நீந்தும் நீண்ட கழுத்துப் பிளீசியோசார்களும் டைனோசர் வகையில் வராது. பக்கத்தில் இருக்கலாம், தலைப்பு அவற்றை டைனோசர் என்று சொல்லக் கூடாது. ஜுராசிக் காட்சியில் பச்சைப் புல்வெளி விரிந்திருந்தால் அதுவும் தப்பு. பெரணி, சைகஸ், ஊசியிலை மரங்கள் இருக்கலாம், புல் இன்னும் வரவில்லை.

இப்போது ஸ்கேல். அளவு ஒப்பீட்டுப் படங்களில் விலங்குக்குப் பக்கத்தில் மனித நிழலுருவம் நிற்கும். நீலத் திமிங்கிலம் 30 மீட்டர் வரை வளரும் என்று எழுதியிருந்தால், 1.7 மீட்டர் மனிதனைப் போல் 17 மடங்குக்குச் சற்று மேல். நிழலுருவம் 1 செ.மீ. என்றால் திமிங்கிலம் 17 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் இடமில்லை என்று 10 செ.மீ.யில் சுருக்கியிருந்தால், அந்தப் படம் இருந்தும் பயனில்லை. மனித உருவமோ அளவுக்கோடோ இல்லாமல் உண்ணியும் யானையும் ஒரே அளவுக் கட்டத்தில் இருக்கும் பக்கங்களும் அப்படித்தான்.

சூரியக் குடும்பத்தை எந்த நூலும் அளவுப்படி போட முடியாது, அதை எதிர்பார்க்காதீர்கள். 1 செ.மீ. = 1 லட்சம் கி.மீ. என்று வைத்தால் சூரியன் 14 செ.மீ. பந்து, பூமி 1.3 மி.மீ. புள்ளி, 15 மீட்டர் தள்ளி. நெப்டியூன் 450 மீட்டரில். எந்தப் பக்கத்தில் அடங்கும்? "தூரங்கள் அளவுப்படி இல்லை" என்ற ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பருவகாலப் படத்தில் பூமியின் பாதையை முட்டை வடிவில் இழுத்து வரைந்திருந்தால், சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். உண்மையில் பூமி மிகக் கிட்டே இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், 14.7 கோடி கி.மீ.; ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. பருவத்துக்குக் காரணம் அச்சின் சாய்வு, 23.4 பாகை. நான்கு நிலையிலும் அச்சு ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. சூரியனைச் சுற்றச் சுற்றச் சாய்வும் திரும்பிக்கொண்டே வந்தால் அந்தப் படம் பருவகாலத்தை விளக்கவே முடியாது.

காலக்கோல்:

வரலாற்றுக்கும் அதே ஸ்கேல்தான். காலக்கோட்டில் கி.மு. 2000-க்கும் கி.மு. 1000-க்கும் இடையே எத்தனை மி.மீ. என்று அளங்கள். பிறகு கி.பி. 1000-க்கும் 2000-க்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலான நூல்களில் நிகழ்வுக்கு ஒரு கட்டம் என்று சம இடைவெளியில் அடுக்கியிருப்பார்கள். அது காலக்கோடு அல்ல, பட்டியல்.

சரியாகப் போடுவது கடினம் என்பதும் உண்மை. 25 செ.மீ. அகலப் பக்கம் இரண்டைச் சேர்த்தால் 50 செ.மீ. 5,000 ஆண்டை அதில் விரித்தால் 1 மி.மீ.க்குப் பத்தாண்டு. கடைசி நூறு ஆண்டுக்கு வெறும் 1 செ.மீ. கிடைக்கும், அதற்குள் இரண்டாம் உலகப் போர், நிலவில் கால் வைத்தது, கணினி எல்லாம் வர வேண்டும். நேர்மையான நூல் கோட்டை அறுத்து வளைநெளிக் குறி போட்டு "இங்கிருந்து அளவு மாறுகிறது" என்று சொல்லும். இல்லையென்றால் கடைசித் துண்டைப் பெரிதாக்கி கீழே தனியாகத் தரும். சொல்லாமல் மாற்றுவதைத்தான் ஏற்க முடியாது. இன்னொன்று, ஆண்டு 0 கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்து கி.பி. 1. கோட்டின் நடுவே பூஜ்யம் எழுதியிருந்தால் கணக்குப் போடத் தெரியாதவர் தயாரித்தது.

இதைவிடப் பெரிய கோளாறு அத்தியாய அமைப்பில் இருக்கிறது. எகிப்து, கிரேக்கம், ரோம், மாவீரர் கோட்டைகள், கடலோடிகள், நீராவி எஞ்சின் என்று வரிசையாகப் போனால், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கியது என்றும் மற்ற இடங்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் பதிந்துவிடும். "அதே நேரத்தில் வேறு இடத்தில்" என்று பக்க ஓரத்தில் ஒரு பட்டை ஓடுகிறதா பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொண்டால், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் 1405 முதல் 1433 வரை இந்தியப் பெருங்கடலில். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் இன்கா மக்களின் மச்சு பிச்சு 1450 வாக்கில். கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) 1453-இல் வீழ்ந்தது. மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் 1455 வாக்கில் பைபிளை அச்சிட்டு முடித்தார். நாலும் ஒரே பக்கத்தில் வந்தால் அந்த நூலை உடனே எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்து என்று ஒரே அத்தியாயத்தில் கிசா பெரிய பிரமிடையும் கிளியோபாட்ராவையும் அருகருகே வைப்பார்கள். நடுவே 2,500 ஆண்டுகளுக்கு மேல். பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில், அவர் இறந்தது கி.மு. 30-இல். பிரமிடு கட்டியபோது ஆர்க்டிக்கின் ராங்கல் தீவில் கம்பளி மாமத்துகள் இன்னும் உயிரோடு இருந்தன என்று சொல்கிற நூல் ஒன்று கிடைத்தால், அதைத் தயாரித்தவருக்கு வரலாறும் தெரியும், இயற்கையும் தெரியும்.

அச்சுக்கலைப் பக்கம் நல்ல உரைகல். அச்சின் கதை குட்டன்பெர்க்கில் தொடங்கினால் குறை. சீனாவில் பி ஷெங் சுட்ட களிமண் எழுத்துகளைச் செய்தது 1040-களில். உலோக எழுத்தில் அச்சிட்டு இன்றும் மிஞ்சியிருக்கும் கொரிய நூல் 1377-ஐச் சேர்ந்தது. குட்டன்பெர்க்கைக் குறைத்துச் சொல்லவும் வேண்டியதில்லை. எழுத்துகளை ஒரே அளவில் வார்க்கும் கை அச்சு, உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மை, அழுத்தும் பொறி மூன்றையும் சேர்த்ததுதான் அவர் வேலை. நல்ல நூல் அந்த மூன்றையும் படமாக வரைந்திருக்கும்.

பிழை பிடிக்க மூன்று பொறி சொல்கிறேன். கொம்பு வைத்த வைக்கிங் தலைக்கவசம். அது 19-ஆம் நூற்றாண்டு ஓபரா மேடை உடையிலிருந்து பரவியது, 1943-இல் நார்வேயின் ஜெர்முண்ட்பூவில் கிடைத்த உண்மையான கவசத்தில் கொம்பு இல்லை. நிலவிலிருந்து தெரியும் சீனப் பெருஞ்சுவர். சில மீட்டர் அகலச் சுவர் 3.84 லட்சம் கி.மீ. தூரத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சவுக்கடி பட்டுக்கொண்டு பிரமிடு கட்டும் அடிமைக் கூட்டம். கட்டியவர்கள் தொழிலாளர்கள். கிசாவில் தொழிலாளர் கல்லறைகள் 1990-இல் வெளிப்பட்டன, செங்கடல் ஓரம் வாடி அல்-ஜார்ஃபில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில், பிரமிடுக்காகத் துரா என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் கொண்டுபோன மேற்பார்வையாளர் ஒருவரின் நாட்குறிப்பே இருக்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த நூல் இன்னொரு பழைய பிள்ளைகள் நூலைப் பார்த்து எழுதப்பட்டது. மிச்சத்தையும் நம்ப வேண்டாம்.

வரைபடம் பற்றிச் சுருக்கமாக. கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் அது மெர்கேட்டர், அதாவது துருவப் பக்கம் போகப் போக நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வரைபட முறை. நிஜத்தில் கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம் சதுர கி.மீ., ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி; பதினான்கு மடங்கு. கடல் வழி காட்ட மெர்கேட்டர் சரி, நாடுகளை ஒப்பிடச் சரியில்லை. பேரரசு வரைபடத்தில் ஆண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். "ரோமப் பேரரசு" என்று சொன்னால் போதாது, அதன் மிகப் பெரிய பரப்பு கி.பி. 117-இல்.

ஏணிப்படி:

ஸ்கேல் யோசனை அருமை. இன்றே பையில் போட்டுவிட்டேன். இரண்டு விஷயம் பாக்கி. "உலக மக்கள்", "பல நாட்டுக் குழந்தைகள்" மாதிரி பண்பாட்டு நூல்களில் ஸ்கேல் வைத்து அளக்க ஒன்றும் இல்லையே, அவற்றை எப்படிப் பார்ப்பது? மொழிபெயர்த்து வரும் நூல்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

திண்ணைவாசி:

ஏன் இல்லை, எண்ணலாம். உலக வரலாறு என்று தலைப்புப் போட்ட நூலில் ஒவ்வொரு கண்டத்துக்கும் எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். பொருளடக்கத்தை வைத்தே ஐந்து நிமிடத்தில் முடியும். பாதிக்கு மேல் ஐரோப்பா என்றால் அது ஐரோப்பிய வரலாறு. அப்படியே அடுக்கில் வையுங்கள், உலக வரலாறு என்று வைக்காதீர்கள்.

பண்பாட்டு நூலில் புகைப்படங்களை மட்டும் வரிசையாகப் புரட்டுங்கள். மிதிவண்டி, கைபேசி, பிளாஸ்டிக் வாளி, பள்ளிப்பை எங்கெங்கே இருக்கின்றன? சில நாட்டுப் பிள்ளைகள் ஜீன்ஸ் போட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்க, வேறு சில நாட்டுப் பிள்ளைகள் மட்டும் திருவிழா உடையில் நிற்கிறார்கள் என்றால் அந்த நூல் ஒரு சாராரை வாழ்கிறவர்களாகவும் மறு சாராரைக் காட்சிப்பொருளாகவும் வைத்திருக்கிறது. படத்தின் கீழ் இடமும் ஆண்டும் வேண்டும். "ஆப்பிரிக்கப் பெண்" என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, ஐ.நா.வில் உறுப்பினராக உள்ள ஆப்பிரிக்க நாடுகளே 54.

பிறகு காலம். "இனுயிட் மக்கள் பனி வீட்டில் வாழ்கிறார்கள்" என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தால் தவறு. பனிக்கட்டி வீடு அவர்களில் சில பகுதியினர் குளிர்காலத்திலும் வேட்டைப் பயணத்திலும் கட்டியது; இன்று அவர்கள் ஊர்களில் சாதாரண வீடுகளில் இருக்கிறார்கள். வட அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோருக்கும் கூம்புக் கூடாரம் வரைவது அதே வகை. கூடாரம் லக்கோட்டா போன்ற சமவெளி மக்களுடையது. தென்மேற்கில் பியூப்லோ மக்கள் மாடி மாடியாக மண்கல் வீடு கட்டினார்கள். வடகிழக்கில் ஹோடினோஷோனி மக்களுடையது பல குடும்பம் சேர்ந்து வாழும் நெடிய மர வீடு. மூன்றையும் தனித்தனிப் பெயரோடு காட்டினால் அந்த நூலை வாங்கலாம். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பற்றிய நூலின் முன்பக்கத்தில், இறந்தவர்களின் படமோ பெயரோ இடம்பெற்றிருக்கலாம் என்ற முன்னறிவிப்பு இருந்தால், எழுதியவர்கள் அந்த மக்களின் வழக்கம் அறிந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

காலக்கோல் சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கொம்புக் கவசத்துக்காக முழு நூலையும் தள்ளுவது அதிகம். 96 பக்கத் தொகுப்பு நூலில் ஒவ்வொரு இரட்டைப் பக்கமும் வேறு வேறு கையால் ஆனது. ஓவியர் சறுக்கிய இடத்தில் எழுத்து சரியாகவே இருக்கும். வைக்கிங் பக்கத்து எழுத்தை வாசியுங்கள். அவர்கள் கப்பலின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஆணி அடித்த விதம், ஆழமில்லாத ஆற்றிலும் நுழைய முடிந்த காரணம் எல்லாம் இருந்தால் படத்தை மன்னிக்கலாம்.

காலக்கோல்:

தொகுப்பு நூலுக்கு ஒத்துக்கொள்கிறேன். 32 பக்கம், ஒரே எழுத்தாளர், ஒரே பொருள் என்றால் என் பேச்சை மாற்ற மாட்டேன்.

அச்சுக்கோர்ப்பவர்:

மொழிபெயர்ப்பு நூல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் பெரிய எண்கள். மில்லியன், பில்லியனைக் கோடிக்கு மாற்றும்போது ஒரு பூஜ்யம் காணாமல் போகும், அல்லது கூடிவிடும். நான்கு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பூமியின் வயது சுமார் 460 கோடி ஆண்டு, டைனோசர் அழிவு 6.6 கோடி ஆண்டுக்கு முன், சூரியன் தூரம் சுமார் 15 கோடி கி.மீ., ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. பூமியின் வயது 46 கோடி என்று இருந்தால் மற்ற எல்லா எண்ணிலும் இதே சறுக்கல் இருக்கும். அந்த நூலைத் திருத்தி வைப்பதும் வீண் வேலை.

இரண்டாவது, சுட்டுக்கோடுகள். உடல் உறுப்பு, கப்பலின் குறுக்குவெட்டு, பூவின் பாகங்கள் போன்ற படங்களில் கோடு மூலப் படத்திலேயே ஒட்டியிருக்கும். பெயர் மட்டும் மாற்றி வைப்பார்கள். தமிழ்ச் சொல் நீளமானது, இடம் பத்தாது, ஒன்றை நகர்த்தினால் பக்கத்துக் கோட்டுக்குப் போய்விடும். சூலகமும் மகரந்தப்பையும் இடம் மாறிக் கிடப்பது இப்படித்தான். ஒரு பூ, ஒரு இதயம், இரண்டு படத்தைச் சரிபார்த்தால் நூலின் யோக்கியதை தெரியும்.

மூன்றாவது எழுத்தளவு. மூலத்தில் நான்கு வரி இருந்த கட்டத்தில் தமிழ் ஆறு வரி ஆகும். கட்டத்தைப் பெரிதாக்க முடியாததால் எழுத்தைச் சுருக்குவார்கள். முதன்மை எழுத்து 14 முதல் 16 புள்ளி (அச்சில் எழுத்தளவைச் சொல்லும் "பாயிண்ட்") இருந்தால் 8 வயதுப் பிள்ளை சிரமமின்றி வாசிக்கும். பட விளக்கம் 11 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது. வரியிடைவெளி நெருங்கினால் மேல் வரியின் "கு", "மூ" கால்களும் கீழ் வரியின் "கி", "மீ" கொம்புகளும் மோதும். அதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கறுப்புப் புகைப்படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளி தெரிகிறதா என்றும் பாருங்கள். புள்ளி மை ஊறி அடைந்திருந்தால் வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் மூடியதற்குச் சமம்.

வாசிப்பறை என்கிறீர்கள், ஆகவே கட்டுமானமும். நூலை நடுவில் திறந்து மேசையில் வையுங்கள். தட்டையாகக் கிடந்து, மடிப்பில் நூல் தையல் தெரிந்தால் பல கை மாறினாலும் நிற்கும். பசை மட்டும் போட்டு ஒட்டியது இரண்டு பக்கப் பெரிய படத்தில்தான் முதலில் பிளக்கும், ஏனென்றால் பிள்ளைகள் அங்கேதான் அழுத்தித் திறப்பார்கள். அந்த மடிப்புக்குள் வரைபடத்தின் முக்கிய நகரமோ காலக்கோட்டின் ஒரு நூற்றாண்டோ விழுங்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழுப்பேடு:

பிழையுள்ள நூலை என்ன செய்வது என்ற மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. பழசாகிப்போன எண், மாறிப்போன நாட்டுப் பெயர் என்றால் வைத்துக்கொள்ளலாம். சிறு சீட்டில் சரியான தகவலையும் ஆண்டையும் எழுதி, அந்தப் பக்கத்தின் உள் ஓரத்தில் ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுத்து எதிர்ப்பக்கப் படத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்டார்ச் பசை சீட்டின் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவினால் போதும், பிறகு மாற்ற வேண்டி வந்தால் சுத்தமாக எடுக்கலாம். வழவழத் தாளில் அது சரியாகப் பிடிக்காவிட்டால் சீட்டை ஒட்டாமல் அட்டையின் உட்பக்கத்தில் பக்க எண்ணோடு பென்சிலில் குறித்துவிடுங்கள்.

அம்பு திரும்பியது, கால் இடம் மாறியது மாதிரிப் படப் பிழையை 9 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் விட்டுவிடலாம். "இந்தப் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது" என்று மட்டும் சீட்டு வையுங்கள், எங்கே என்று சொல்லாதீர்கள். எறும்பைத் தேடிப் பூதக்கண்ணாடியோடு கிளம்பிவிடுவார்கள். 7, 8 வயதுக்காரர்களுக்கு அதே நூலைக் கொடுக்க வேண்டாம். அவர்கள் படத்தை அப்படியே மனதில் வாங்கிக்கொள்கிற வயது.

அமைப்பே கோளாறு என்றால், அதாவது பாதி உலகம் விடுபட்ட உலக வரலாறு, மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கும் பண்பாட்டு நூல், பத்து மடங்கு தப்பான எண்கள், அதற்குச் சீட்டு உதவாது. படங்கள் நன்றாக இருந்தால் வெட்டி எடுத்துச் சுவர்க் காலக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 4.6 மீட்டர் கயிறு எடுத்து 1 மி.மீ.க்குப் பத்து லட்சம் ஆண்டு என்று கட்டினால், முதல் டைனோசர் கடைசி முனையிலிருந்து 23 செ.மீ.யில் வரும், டி. ரெக்ஸ் 6.6 செ.மீ.யில் முடியும், நம் இனத்தின் 3 லட்சம் ஆண்டும் 0.3 மி.மீ.க்குள் அடங்கும். அங்கே படம் ஒட்ட இடமிருக்காது. கயிற்றுக்கு அப்பால் சுவரில் ஒட்டி, ஒரு கோடு இழுத்து முனையோடு சேருங்கள்.